வேதியியல்: அடிப்படைகளும் முக்கியப் பிரிவுகளும் – முஸ்லிம் குடும்பங்களுக்கு ஓர் அறிமுகம்

அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கிறோம்.

குழந்தையின் கண்ணுக்குச் சுர்மா வாங்குகிறோம். சமையலுக்கு வினிகர் வாங்குகிறோம். பிள்ளைகள் கேட்கும் மிட்டாய்ப் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளதை வாசிக்க முயல்கிறோம். ஜகாத் கணக்குப் பார்க்கும்போது வீட்டில் உள்ள தங்கம் எத்தனை காரட் என்று கேட்கிறோம். இவை எல்லாவற்றிலும் நம் மனதில் எழுவது இரண்டே கேள்விகள்தான். இந்தப் பொருள் எதனால் ஆனது? அது மாறிய பிறகு வேறு பொருளாகிவிட்டதா, அல்லது அதே பொருள்தானா?

இந்த இரண்டு கேள்விகளையும் முறைப்படி கேட்டு, அளந்து பார்த்து விடை சொல்லும் கல்விதான் வேதியியல். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வோடு மறந்துவிட வேண்டிய பாடம் என்றே நம்மில் பலர் இதை நினைக்கிறோம். ஆனால் ஹலால்–ஹராம், சுத்தம்–அசுத்தம், நலம்–கேடு என்று அன்றாடம் பிரித்துப் பார்த்து வாழ வேண்டிய ஒரு சமுதாயத்துக்கு இதன் அடிப்படை அறிவு அவசியமானது. அந்த அடிப்படைகளையும் முக்கியப் பிரிவுகளையும் இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

வேதியியல் என்றால் என்ன?

இடத்தை அடைத்துக்கொள்வதும் எடை உள்ளதுமான எதுவும் 'பருப்பொருள்' எனப்படும். கல், தண்ணீர், காற்று, நம் உடல் எல்லாமே பருப்பொருள்கள்தாம். இவை எவற்றால் ஆனவை, உள்ளே எப்படி அமைந்துள்ளன, எந்தச் சூழலில் எப்படி மாறுகின்றன, அப்போது எவ்வளவு வெப்பம் வெளிவருகிறது என்பவற்றை ஆராய்வதே வேதியியல். தமிழகப் பாடநூல்களில் 'வேதியியல்' என்றும், இலங்கையில் 'இரசாயனவியல்' என்றும் வழங்குகிறது.

கெமிஸ்ட்ரி என்ற சொல் 'அல்கீமியா' என்ற அரபிச் சொல்லின் வழியே ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. காரத்தைக் குறிக்கும் 'ஆல்கலி' என்பது, தாவரச் சாம்பலைக் குறிக்கும் 'அல்கலீ' என்ற அரபிச் சொல். 'ஆல்கஹால்' என்பதும் 'அல்குஹ்ல்' என்ற சொல்லிலிருந்து வந்ததே. குஹ்ல் என்றால் கண்ணுக்கு இடும் சுர்மா. மிக நுண்ணிய தூள் என்ற பொருளிலிருந்து, ஒன்றைச் சுத்திகரித்து எடுத்த சாரம் என்ற பொருளுக்கு மாறி, ஐரோப்பாவில் கடைசியில் மதுவின் சாரத்துக்குப் பெயராக நின்றுவிட்டது.

வரலாற்றில் நம் முன்னோர்

எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் ஜாபிர் இப்னு ஹையான் அவர்களை 'வேதியியலின் தந்தை' என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவர் பெயரில் வழங்கும் நூல்களில் பல பின்னாளில் வேறு பலரால் எழுதப்பட்டவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆயினும் காய்ச்சி வடித்தல், படிகமாக்குதல், பதங்கமாக்குதல் போன்ற செய்முறைகள் அந்த நூல்களில் விரிவாகப் பேசப்படுகின்றன.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி அவர்கள் நறுமணப் பொருள்கள் பற்றி எழுதிய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. ரை நகரத்து மருத்துவர் அபூபக்ர் அர்ராஸி அவர்கள், பொருள்களைத் தாது வகை, தாவர வகை, விலங்கு வகை என்று பிரித்து, ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய உலை, குடுவை, வாலை முதலிய கருவிகளை விவரித்தார். ஈயத்தைத் தங்கமாக்கலாம் என்று பலர் அலைந்த காலத்தில், உலோகத்துக்கு வெளி நிறம் ஏற்றலாமே தவிர அதன் இயல்பை மாற்ற முடியாது என்று மறுத்தார் இப்னு ஸீனா அவர்கள். முன்னோர் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்காத இந்தப் போக்குதான் நாம் பெருமைப்பட வேண்டிய சொத்து.

பிற்காலத்தில் இந்தக் கல்வி ஐரோப்பாவில் புதிய வடிவம் பெற்றது. பிரான்ஸைச் சேர்ந்த லவாய்சியர் தராசைக் கொண்டு வேதியியலை அளவைக் கல்வியாக்கினார். வேதி மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறுவதில்லை என்பது அவர் நிலைநாட்டிய விதி. 1808ல் ஆங்கிலேயரான டால்ட்டன் தமது அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டார். 1869ல் ரஷ்யரான மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த தனிமங்களை வரிசைப்படுத்தி அட்டவணை தந்தார். அதில் சில கட்டங்களை அவர் காலியாக விட்டு, அங்கே வர வேண்டிய தனிமங்களின் பண்புகளையும் முன்கூட்டியே எழுதி வைத்தார். 1875ல் கேலியம் கண்டறியப்பட்டபோது அவர் கணித்தபடியே அது பொருந்தியது. படைப்பில் ஒழுங்கு இருப்பதால்தான் இப்படிக் கணிக்க முடிகிறது.

அறிய வேண்டிய அடிப்படைச் சொற்கள்

அணு: ஒரு தனிமத்தின் தன்மை மாறாத மிகச் சிறிய துகள். நடுவே உட்கருவும் அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. வெளியே எலக்ட்ரான்கள். வேதி மாற்றத்தில் பங்கு பெறுபவை பெரும்பாலும் வெளிப்புற எலக்ட்ரான்களே.

தனிமம்: ஒரே வகை அணுக்களால் ஆனது. தங்கம், இரும்பு, ஆக்ஸிஜன் போன்றவை. புரோட்டான்களின் எண்ணிக்கைதான் ஒரு தனிமத்துக்கு அடையாளம். தங்கத்துக்கு 79, ஈயத்துக்கு 82. இந்த எண்ணிக்கையை எந்த வேதி மாற்றமும் தொடுவதில்லை. ரசவாதிகள் காலமெல்லாம் முயன்றும் ஈயம் தங்கமாகாததன் காரணம் இதுவே. இன்று வரை 118 தனிமங்கள் அறியப்பட்டுள்ளன.

மூலக்கூறு: அணுக்கள் பிணைந்து உருவாகும் கூட்டு. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்தால் ஒரு நீர் மூலக்கூறு.

சேர்மம்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்கள், மாறாத விகிதத்தில் வேதி முறையில் கூடியது. கடல் நீரைக் காய்ச்சி வடித்தாலும் மழை நீரைப் பிடித்தாலும், 9 கிராம் தூய நீரில் 8 கிராம் ஆக்ஸிஜனும் 1 கிராம் ஹைட்ரஜனும்தான் இருக்கும். சேர்மத்தின் தன்மை அதன் உறுப்புகளின் தன்மையிலிருந்து முற்றிலும் வேறானது. சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் உலோகம். குளோரின் நுரையீரலை அரிக்கும் நச்சு வாயு. இரண்டும் கூடினால் நம் சோற்றுக்குப் போடும் உப்பு!

கலவை: பொருள்கள் வேதி முறையில் கூடாமல், எந்த விகிதத்திலும் கலந்திருப்பது. ஒவ்வொன்றும் தன் தன்மையோடே இருக்கும். பால், காற்று, நகைத் தங்கம் எல்லாம் கலவைகள்.

நகைத் தங்கத்தைச் சற்று விளக்கிவிடுவோம். 24 காரட் என்பது தூய தங்கம். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. இதைத்தான் கடையில் '916' என்று முத்திரை இடுகிறார்கள். அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். ஒருவர் 22 காரட் நாணயமாக 90 கிராம் சேமித்து வைத்திருக்கிறார். வேறு தங்கமோ வெள்ளியோ பணமோ இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதில் தூய தங்கம் 82.5 கிராம்தான். தங்கத்தின் நிஸாபான 20 மிஸ்காலை இன்று 85 கிராம் என்றும், 87.48 கிராம் என்றும் இரு விதமாகக் கணக்கிடுகிறார்கள். ஷாஃபி மத்ஹபில் தூய தங்கத்தின் அளவே நிஸாபை எட்ட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் கலவையில் தங்கமே மிகைத்திருந்தால் முழுவதும் தங்கமாகவே கணிக்கப்படும். எனவே ஒரே 90 கிராமுக்கு இரு மத்ஹபுகளில் இரண்டு விடைகள் வருகின்றன. காரட் என்றால் என்னவென்று தெரியாதவருக்கு ஆலிமிடம் சரியாகக் கேள்வி கேட்கக்கூட வராது.

இரண்டு வகை மாற்றங்கள்

பனிக்கட்டி உருகித் தண்ணீராகிறது; தண்ணீர் ஆவியாகிறது. வடிவம் மாறியதே தவிர, மூலக்கூறு அதேதான். இது இயற்பியல் மாற்றம். விறகு எரிந்து சாம்பலாகிறது, பால் புளித்துத் தயிராகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. இங்கே பழைய பிணைப்புகள் உடைந்து புதிய பொருள் பிறந்துவிட்டது. இது வேதியியல் மாற்றம்.

நம் ஃபிக்ஹ் நூல்களில் 'இஸ்திஹாலா' என்று ஒரு பேச்சு வருகிறது. ஓர் அசுத்தமான பொருள் தன் இயல்பே மாறி வேறு பொருளாகிவிட்டால், பழைய சட்டம் அதன் மீது நீடிக்குமா என்பதே அது. மது வினிகராக மாறுவது இதற்குப் பழைமையான உதாரணம். பழச்சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் எத்தனால் ஆக்குகிறது. பிறகு வேறொரு வகை பாக்டீரியா, காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கொண்டு அந்த எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்குகிறது. போதை தரும் மூலக்கூறு வேறு மூலக்கூறாகிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் நல்ல தொடுகறி என்று புகழ்ந்த வினிகர் இதுதான்.

மது தானாகவே வினிகராகிவிட்டால் அது தூய்மையானது என்பதில் நான்கு மத்ஹபுகளும் உடன்படுகின்றன. வெளியிலிருந்து ஒரு பொருளைச் சேர்த்து மாற்றினால், ஹனஃபி மத்ஹபில் அதுவும் தூய்மையே. ஷாஃபி மத்ஹபில் தூய்மையாகாது. இயல்பு மாறியதா இல்லையா என்ற உண்மையை வேதியியல் சொல்லும். மாறியதற்குச் சட்டம் என்ன என்பதை மார்க்கச் சட்டம் சொல்லும். முதலாவது இல்லாமல் இரண்டாவதைச் சரியாகப் பொருத்த முடியாது. அதே நேரத்தில் ஆய்வுக்கூட அறிக்கை ஃபத்வாவும் ஆகிவிடாது.

அமிலம், காரம், உப்பு

எலுமிச்சை, புளி, வினிகர் ஆகியவற்றின் புளிப்புக்குக் காரணம் அமிலம். சோப்பு, சுண்ணாம்பு, சாம்பல் போன்றவற்றின் வழுவழுப்புக்குக் காரணம் காரம். இரண்டும் சேர்ந்தால் உப்பும் நீரும் உண்டாகும். இவற்றின் வலிமையை பி.எச். அளவு கொண்டு குறிப்பார்கள். தூய நீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத் தன்மை பத்து மடங்கு கூடியது என்று பொருள்.

தாய்மார்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். ஜன்னல் இல்லாத சிறிய கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து. 'இரண்டும் சேர்ந்தால் இன்னும் பளிச்சென்று ஆகும்' என்ற எண்ணம் தவறு. ஒன்றை ஊற்றினால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பின்பே மற்றொன்றைத் தொட வேண்டும்.

வேதியியலின் முக்கியப் பிரிவுகள்

1. கனிம வேதியியல்

உலோகங்கள், தாதுக்கள், உப்புகள் போன்றவற்றை ஆராயும் பிரிவு. இரும்பு உருக்குதல், சிமெண்ட், கண்ணாடி, பேட்டரி எல்லாம் இதன் எல்லைக்குள் வரும். சுர்மாவும் இங்கேதான் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் விரும்பிய 'இஸ்மித்' என்பது ஆன்டிமனி என்ற தனிமத்தின் தாது என்று பொதுவாக விளக்கப்படுகிறது. ஆனால் இன்று பல நாடுகளின் சந்தையில் சுர்மா என்ற பெயரில் விற்பவற்றைச் சோதித்தபோது, அவற்றில் பலவும் ஈய சல்பைடு என்று தெரிய வந்தது. இரண்டும் கரியதாக, மினுமினுப்பாக இருக்கும். கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. ஈயம் உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. எதனால் ஆனது என்று எழுதப்படாத சுர்மாவைப் பச்சிளங் குழந்தைக்கு இடுவது சுன்னத்தை நிறைவேற்றுவதாகாது.

2. கரிம வேதியியல்

கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களை ஆராய்வது. கார்பன் அணுக்கள் தமக்குள்ளேயே நீண்ட சங்கிலிகளாகவும் வளையங்களாகவும் இணையக் கூடியவை. அதனால் இந்தச் சேர்மங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. பெட்ரோல், பிளாஸ்டிக், மருந்து, சாயம், அத்தர் எல்லாம் இவ்வகையே. உயிருள்ளவற்றால் மட்டுமே இவற்றை உண்டாக்க முடியும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1828ல் வோலர் என்ற ஜெர்மானியர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கி அதை மாற்றிக் காட்டினார்.

ஆல்கஹால் என்பது ஒரு தனிப் பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். எத்தனால், மெத்தனால், கிளிசரின் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிளிசரின் போதை தராது. மெத்தனாலோ உடலுக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாகி, கண் நரம்பைக் கெடுத்து உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் இருந்தது இந்த மெத்தனால்தான். எனவே ஒரு பொருளில் 'ஆல்கஹால்' என்ற சொல்லைக் கண்டதும், எந்த ஆல்கஹால், எவ்வளவு, உண்பதற்கா பூசுவதற்கா என்று கேட்டறிந்த பிறகே சட்டம் பேச வேண்டும்.

இந்தப் பிரிவில் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு பெயர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி (1897–1994). அலிகரில் தத்துவம் பயின்று, பிறகு ஜெர்மனி சென்று வேதியியல் கற்றவர். டெல்லியில் ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் ஊக்கத்தால், யூனானி மருத்துவர்கள் பயன்படுத்திய சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்தார். அதிலிருந்து இதயத் துடிப்பைச் சீராக்க உதவும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹகீம் அவர்களின் பெயராலேயே 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். பின்னர் வேப்ப எண்ணெயிலிருந்தும் பல சேர்மங்களைப் பிரித்தார். வேப்பெண்ணெய் நல்லது என்று பாட்டி சொன்னதில், நல்லது செய்வது எது என்று தேடிக் கண்டது அந்த ஆய்வு.

3. இயற்பிய வேதியியல்

வேதி மாற்றத்தில் வெப்பம், வேகம், அழுத்தம், மின்சாரம் ஆகியவற்றின் பங்கை ஆராய்வது. பிரஷர் குக்கரில் பிரியாணி இறைச்சி ஏன் விரைவில் வேகிறது? மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடுவதால், தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. வெப்பநிலை கூடினால் வேதி மாற்றம் வேகமெடுக்கும். அதே விதியைத் திருப்பினால், குளிர்சாதனப் பெட்டியில் இறைச்சி ஏன் கெடாமல் இருக்கிறது என்பதும் விளங்கும். இந்தப் பிரிவில் சாதித்தவர் எகிப்தில் பிறந்த அஹ்மத் ஸுவைல். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் நுண்ணிய கால அளவில், மூலக்கூறின் பிணைப்பு உடைவதை லேசர் ஒளியால் பின்தொடர்ந்தார். 1999ல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

4. பகுப்பாய்வு வேதியியல்

ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிவது. மதரஸாவில் தண்ணீர்ப் பாடம் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. அசுத்தம் விழுந்த தண்ணீரின் நிறம், சுவை, மணம் மாறியதா என்று பார்க்கச் சொன்னார்கள் நம் ஃபுகஹாக்கள். கையில் கருவி இல்லாத எவரும் செய்யக்கூடிய சோதனை அது. இன்றைய கருவிகள், நாவுக்கும் மூக்குக்கும் எட்டாத அளவையும் காட்டுகின்றன.

ஜெலட்டினை எடுத்துக்கொள்வோம். விலங்கின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து எடுப்பது அது. மாட்டிலிருந்தும் எடுக்கலாம், மீனிலிருந்தும் எடுக்கலாம், பன்றியிலிருந்தும் எடுக்கலாம். மாத்திரை உறையில் வந்துவிட்ட பிறகு பார்வைக்கு எல்லாம் ஒன்றே. மரபணுச் சோதனையாலும், புரதத் துண்டுகளை எடைபோடும் நிறை நிறமாலைக் கருவியாலும் மூல விலங்கை அடையாளம் காண முடிகிறது. ஹலால் சான்று வழங்கும் பணிக்கு மார்க்க அறிஞரோடு வேதியியலாளரும் தேவைப்படுவது இதனால்தான்.

பொட்டலத்தில் 'ஐ.என்.எஸ்.' என்று தொடங்கும் எண்களைக் கண்டு மொத்தமாக அஞ்ச வேண்டியதில்லை. அவை சேர்க்கைப் பொருள்களின் வரிசை எண்கள். 300 என்பது வைட்டமின் சி. 330 சிட்ரிக் அமிலம். 471 என்பது கொழுப்பிலிருந்து பெறும் பொருள். தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். 120 என்பது ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். இந்தியாவில் விற்கும் பொட்டலத்தில் பச்சைக் குறி இருந்தால், விலங்கின் இறைச்சி, கொழுப்பு, ஜெலட்டின் சேரவில்லை என்று உற்பத்தியாளர் சட்டப்படி உறுதி கூறுகிறார் என்று பொருள். ஆனால் அந்தக் குறி எத்தனால் பற்றி எதுவும் சொல்வதில்லை.

5. உயிர்வேதியியல்

உயிருள்ளவற்றின் உள்ளே நடக்கும் வேதி மாற்றங்களை ஆராய்வது. நோன்பு வைத்த சில மணி நேரத்தில் உண்ட உணவின் சர்க்கரை தீர்கிறது. பிறகு கல்லீரலில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் பிரிந்து இரத்தத்துக்குச் சர்க்கரை தருகிறது. அதுவும் குறையும்போது உடல் கொழுப்பை எடுத்து எரிக்கிறது. சர்க்கரை நோயாளிகளில் இந்த ஏற்பாடு சீராக இயங்குவதில்லை. அதிலும் இன்சுலின் போடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் நோன்பில் மருந்தளவை மாற்றினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக் கூடும். 'மூன்று மாதச் சர்க்கரை' என்று எடுக்கும் சோதனையும் உயிர்வேதியியலே. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதையே அது அளக்கிறது. சோதனைக்கு முந்தைய நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்து அதை ஏமாற்ற முடியாது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் உண்டாகும் இடமான ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009லும், துருக்கியைச் சேர்ந்த அஸீஸ் ஸன்ஜார், சிதைந்த மரபணுவைச் செல் பழுதுபார்க்கும் விதத்தை விளக்கியதற்காக 2015லும் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்கள். இருவருக்கும் கிடைத்தது வேதியியல் பரிசே.

6. பயன்பாட்டுப் பிரிவுகள்

இந்த ஐந்திலிருந்தும் கிளைத்தவை மருந்து வேதியியல், தொழிலக வேதியியல், சுற்றுச்சூழல் வேதியியல், பாலிமர் வேதியியல் போன்றவை. நம் சமுதாயத்தோடு நெருங்கிய தொடர்புள்ள ஒன்றை மட்டும் சொல்கிறோம்: தோல் பதனிடுதல்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் தலைமுறைகளாக நம்மவர்கள் செய்து வரும் தொழில் இது. செத்த பிராணியின் தோல் பதனிட்டால் தூய்மையாகும் என்பது ஃபிக்ஹ் சட்டம். பன்றியின் தோலுக்கு இந்தச் சலுகை இல்லை. ஷாஃபி மத்ஹபில் நாயின் தோலுக்கும் இல்லை. பதனிடும்போது நடப்பது என்ன? தோலின் கொலாஜன் இழைகளோடு பதனிடு பொருள் பிணைந்து, அழுகாதபடி உறுதியாக்குகிறது. முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இதைச் செய்தன. பின்னர் குரோமியம் உப்புகள் வந்தன. நாள் கணக்கில் இழுத்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது.

ஆனால் கழிவு நீர் பாலாற்றுப் படுகையில் சேர்ந்தது. கிணறுகள் உவர்த்தன, விவசாயம் பாழானது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. தோலில் பயன்படும் மும்மடிக் குரோமியத்துக்கும் புற்றுநோய் உண்டாக்கும் ஆறுமடிக் குரோமியத்துக்கும் உள்ள வேறுபாடு, கழிவிலிருந்து குரோமியத்தை மீட்கும் முறை, உப்பைப் பிரிக்கும் முறை எல்லாமே வேதியியல் பாடங்கள். சென்னை அடையாறில் 1948ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் தொடர்ந்து உழைத்து வருகிறது. தொழில் நம்முடையது என்றால், அதன் கழிவைத் தீர்க்கும் கல்வியும் நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டாமா? பக்கத்து நிலத்தின் கிணற்றைக் கெடுத்துச் சம்பாதித்ததற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

பிள்ளைகளின் படிப்புக்கு

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவு எடுத்தாலும் கணிதப் பிரிவு எடுத்தாலும் வேதியியல் பொதுப் பாடமாக வரும். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 180 இதற்குரியது. மருத்துவம் கிடைக்கவில்லை என்றதும் பிள்ளையின் கதை முடிந்துவிட்டதாகப் பெற்றோர் உடைந்து போகத் தேவையில்லை. இளநிலை வேதியியல், உயிர்வேதியியல், மருந்தியல், உணவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் என்று பல வழிகள் உள்ளன. 1951ல் தொடங்கப்பட்ட திருச்சி ஜமால் முகமது கல்லூரி, அதே ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னை புதுக்கல்லூரி போன்ற நம் சமுதாயக் கல்லூரிகளிலேயே வேதியியல் துறை உண்டு. பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியப் பணி, மருந்துத் தர ஆய்வு, உணவுப் பரிசோதனைக் கூடம் எனக் கண்ணியமான வேலைகள் இதில் இருக்கின்றன.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறோம். தனிம அட்டவணையை முழுவதும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் 20 தனிமங்களையும், ஒவ்வொரு தொகுதியின் பொதுப் பண்பையும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மீதி தானே வரிசையில் வந்து நிற்கும். சமன்பாட்டை எழுதும்போது இருபுறமும் அணுக்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விடை தவறு.

பயன் தரும் கல்வி

இறுதியாக ஒரு செய்தி. ஜெர்மனியைச் சேர்ந்த ஹேபர் என்பவர், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் வழியைக் கண்டார். யூரியா உரம் அதிலிருந்துதான் வருகிறது. இன்று உலக மக்களில் பெரும் பகுதியினர் உண்ணும் தானியம் அந்த உரத்தில் விளைந்தது. அதே ஹேபர்தான் 1915ல், முதல் உலகப் போரில் குளோரின் வாயுவை மனிதர்கள் மீது ஏவும் வேலைக்கும் தலைமை ஏற்றார். கற்ற கல்வி ஒன்றே. அது பசியையும் தீர்த்தது, மூச்சையும் நிறுத்தியது.

இதற்கு மாறாக ஒருவரையும் பார்க்கிறோம். பலஸ்தீன அகதிக் குடும்பத்தில், ஜோர்தானில் பிறந்து வளர்ந்தவர் உமர் யாகி. தண்ணீர் அரிதாகக் கிடைத்த வீடு அவருடையது. பெரியவராகி, உலோக அணுக்களையும் கரிம மூலக்கூறுகளையும் இணைத்து, நுண்துளைகள் நிறைந்த புதிய பொருள்களை உருவாக்கினார். அவற்றில் சில பாலைவனக் காற்றின் ஈரத்தைப் பிடித்துக் குடிநீராகத் தருகின்றன. 2025ல் அவருக்கும் வேறு இருவருக்கும் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அருள்மறை குர்ஆன் ஒரு வேதியியல் பாடநூல் அன்று. அதில் இன்றைய கண்டுபிடிப்புகளை வலிந்து தேட வேண்டியதும் இல்லை. ஆனால் வானம் பூமியின் படைப்பைச் சிந்திக்கச் சொல்கிறது. நிறுவையில் மோசம் செய்யாதீர்கள் என்கிறது. தூய்மையானதை உண்ணச் சொல்கிறது. இம்மூன்றையும் நிறைவேற்ற இந்தக் கல்வி நமக்குத் துணை செய்யும். பயனற்ற கல்வியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். நம் பிள்ளைகள் கற்கும் கல்வியை, அவர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் பயன் தரும் கல்வியாக வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.